வேலிக் கொடியும் வெகுதூரப் பிரயாணியும்

மலை விட்டு மலை போகும் வண்ணத்துப்பூச்சி. வழியில் அதற்குச் சோறு போடுவது யார்?

மழை தேடி மேகம் போகும். மேய்ச்சல் தேடி ஆடு மாடு போகும். நாரையும் உள்ளானும் கடல் தாண்டி வரும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

வண்ணத்துப்பூச்சி ஊர் விட்டு ஊர் போகுமா?

போகும்! ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் போகும். அரை கிராம் எடை கூடத் தேறாத அந்தப் பூச்சி, மலை தாண்டும், ஆறு தாண்டும், மாநிலமே தாண்டும். தமிழ்நாட்டிலேயே ஆண்டுக்கு இரண்டு தடவை இந்த ஊர்வலம் நடக்கிறது. தலைக்கு மேலே நடப்பதால் பலர் கவனிப்பதில்லை.

அந்த ஊர்வலத்துக்கும், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள குயிலாப்பாளையம் போன்ற ஒரு செம்மண் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கிராமத்து வேலியில் படரும் ஒரு காசு பெறாத கொடிக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய சம்பந்தம் இருக்கிறது. அந்தக் கொடி போனால், ஊர்வலமும் நின்று போகும்!

நாலு பிரயாணிகள்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 325 வகை வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. எல்லாம் பிரயாணம் போவதில்லை. பிறந்த தோட்டத்திலேயே வாழ்ந்து மடிபவைதான் அதிகம்.

கூட்டம் கூட்டமாகப் போகிறவற்றில் நாலு வகைகள் முக்கியமானவை. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், இரட்டைவரிக் கருப்பன் என்று அவற்றுக்குத் தமிழ்ப் பெயர்.

நீல வரியனுக்குக் கறுத்த சிறகில் வெளிர்நீலக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். கருநீல வரியன் அதற்குத் தம்பி போல. இன்னும் கொஞ்சம் கறுப்பு. கருப்பன்கள் இரண்டும் பழுப்புக் கலந்த கறுப்பு. வெண்புள்ளிக் கருப்பனுக்குச் சிறகின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். சிறகை விரித்தால் ஒரு மனிதனின் உள்ளங்கை அகலம்.

நாலுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. நாலும் விஷப் பூச்சிகள்! மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் பறவை கொத்தினால் வாய் கசந்து துப்பி விடும். ஒரு தடவை பட்ட பறவை மறுபடி கிட்டே வராது. அதனால்தான் இவை மற்றப் பூச்சிகளைப் போலப் பதறிப் பறப்பதில்லை. ராஜநடை போட்டு மெதுவாகப் பறக்கின்றன.

வெண்புள்ளிக் கருப்பனைக் கையில் பிடித்தால் செத்தது போல் நடிக்கும். நாற்றத்தையும் கிளப்பும். "ஐயோ, செத்து விட்டதே!" என்று கீழே போட்டால், கொஞ்ச நேரத்தில் எழுந்து பறந்து விடும்!

மழைக்கு முன்னே ஓட்டம்

இவை ஏன் பிரயாணம் போகின்றன? காரணம் மழை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். அந்தப் பேய்மழையில் மெல்லிய சிறகை வைத்துக் கொண்டு வாழ முடியாது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களிலேயே பூச்சிகள் மூட்டை கட்டி விடுகின்றன. கிழக்கு நோக்கிப் பறக்கின்றன. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, அவற்றைச் சுற்றியுள்ள சமவெளிகள் ஆகியவைதான் அவை போய்ச் சேரும் இடம்.

இங்கே அப்போது அளவான மழை. கொடிகள் துளிர்க்கும். பூச்சிகள் அந்தத் துளிரில் முட்டை இடும். புழு பிறக்கும், கூட்டுப்புழு ஆகும், வண்ணத்துப்பூச்சி ஆகும். சில மாதத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் வளர்ந்து விடும்.

பிறகு வடகிழக்குப் பருவமழை வரப் போகிறது. இப்போது மேற்கே மழை ஓய்ந்து விட்டது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மறுபடி கூட்டம் கிளம்புகிறது. இந்தத் தடவை கிழக்கிலிருந்து மேற்கே!

ஆனால் திரும்பிப் போவது வந்த பூச்சிகள் அல்ல. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் போகின்றன. பாட்டன் வந்த வழியைப் பேரன் பார்த்ததே இல்லை. வழி சொல்லிக் கொடுக்கவும் யாரும் இல்லை. என்றாலும் போய்ச் சேர்ந்து விடுகின்றன. இதுதான் அதிசயம்.

போகும் தூரம் நூறு கிலோ மீட்டருக்கு மேல். சில சமயம் இருநூறு, முந்நூறு கிலோ மீட்டர் கூட இருக்கும்.

பிரயாணம் முடியும் வரை பிள்ளை இல்லை!

பெங்களூரில் தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் இருக்கிறது. அங்கே உள்ள கிருஷ்ணமேக் குண்டே என்ற விஞ்ஞானி, தென்னிந்தியாவின் இந்தப் பிரயாணத்தைப் பற்றி 2005-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பிறகு 2018-ல் வைஷாலி பௌமிக் என்ற விஞ்ஞானியும் அவரும் சேர்ந்து இன்னொரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள்.

பிரயாணம் போகும் பெண் பூச்சிகளைச் சோதித்தபோது ஒரு விந்தை தெரிந்தது. அவற்றின் வயிற்றில் முற்றிய முட்டை இல்லை! அந்தச் சத்தெல்லாம் சிறகை அசைக்கும் தசைக்குப் போயிருந்தது. நல்ல இடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் முட்டை.

வயிற்றில் சுமை இருந்தால் வெகுதூரம் பறக்க முடியாது. அதனால் "முதலில் பிரயாணம், பிறகுதான் குடும்பம்" என்று இயற்கை ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

உலகம் சுற்றும் சிறகுகள்

நம் நாட்டில் மட்டும் நடக்கும் சங்கதி அல்ல இது.

இலங்கையில் சிவனொளிபாத மலை இருக்கிறது. சிங்கள மக்கள் அதைச் சமனல மலை என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. யாத்திரைக் காலத்தில் கூட்டம் கூட்டமாக வண்ணத்துப்பூச்சிகள் அந்த மலையை நோக்கிப் பறப்பதைப் பார்த்து, "இவையும் நம்மைப் போல் யாத்திரை போகின்றன" என்று மக்கள் நம்பினார்கள்.

2013-ம் ஆண்டு அக்டோபர் மாதம். தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா கடற்கரையில் சில வண்ணத்துப்பூச்சிகள் களைத்துக் கிடந்தன. சிறகெல்லாம் கிழிந்திருந்தன. அவை அந்த நாட்டுப் பூச்சிகளே அல்ல. பல ஆண்டு ஆராய்ச்சி செய்து 2024-ல் விஞ்ஞானிகள் முடிவை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்தவை அவை! தூரம் 4,200 கிலோ மீட்டர். காற்று பின்னாலிருந்து தள்ள, 5 முதல் 8 நாளில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள்.

எல்லாவற்றையும் விடப் புகழ் பெற்றது வட அமெரிக்காவின் மன்னர் வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சு நிறம், கறுப்புக் கோடு. நம் ஊர் எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியனின் சொந்தக்காரன். கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடையைக் கழித்து விட்டு, குளிர் வந்தால் தெற்கே பறந்து விடும். எங்கே போகிறது என்பதுதான் வெகுகாலம் யாருக்கும் புரியவில்லை.

கனடா நாட்டு விஞ்ஞானி பிரெட் உர்குவார்ட் இதற்காகப் பல பத்து ஆண்டுகள் பாடுபட்டார். பூச்சியின் சிறகில் சின்னஞ்சிறு காகிதச் சீட்டு ஒட்டினார். ஆயிரக்கணக்கான பொதுமக்கள் அவருக்காகச் சீட்டு ஒட்டினார்கள். கடைசியில் 1975 ஜனவரியில் ரகசியம் வெளிப்பட்டது. மெக்சிகோவின் உயர்ந்த மலைக்காட்டில், மரமே தெரியாதபடி கோடிக்கணக்கான பூச்சிகள் அப்பிக் கிடந்தன!

அடுத்த ஆண்டு உர்குவார்ட் அங்கே போனார். பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை ஒடிந்து விழுந்தது. விழுந்த பூச்சிகளில் ஒன்றின் சிறகில் வெள்ளைச் சீட்டு! அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியரும் மாணவர்களும் ஒட்டிய சீட்டு அது. பள்ளிப் பிள்ளைகள் செய்த வேலை, உலக விஞ்ஞானத்துக்குச் சாட்சியம் ஆயிற்று.

காடு இருந்தது, களை இல்லை

இனிதான் கதையில் துக்கம் வருகிறது.

மெக்சிகோ அரசாங்கம் 1986-ல் அந்தக் காட்டுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. இனிப் பயமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மன்னர் பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. காட்டில் எத்தனை ஏக்கரை அவை மூடியிருக்கின்றன என்றுதான் அளப்பார்கள். 1996-97 குளிர்காலத்தில் 45 ஏக்கர். 2023-24 குளிர்காலத்தில் இரண்டே கால் ஏக்கர்! அடுத்த ஆண்டு கொஞ்சம் தேறி ஏறத்தாழ நாலரை ஏக்கர் ஆயிற்று. என்றாலும் பழைய கணக்கில் பத்தில் ஒரு பங்குதான்.

காரணம் என்ன? திருட்டுத்தனமாக மரம் வெட்டியது ஒரு காரணம். பருவநிலை மாறியது இன்னொன்று. மற்றொரு பெரிய காரணம் காட்டிலேயே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் வடக்கே, வயல்களில் இருக்கிறது.

மன்னர் பூச்சியின் புழு ஒரே ஒரு வகைச் செடியைத்தான் தின்னும். ஒடித்தால் பால் வடியும் செடி. நம் எருக்கின் உறவு. அமெரிக்காவில் சோளக் கொல்லையிலும் வரப்பிலும் களையாக அது மண்டிக் கிடந்தது. 1990-களின் பிற்பகுதியில், களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத சோயா, மக்காச்சோளப் பயிர்கள் வந்தன. களைக்கொல்லி தாராளமாகப் பாய்ந்தது. பயிர் பிழைத்தது, களை செத்தது. களையோடு பூச்சியின் தொட்டிலும் போயிற்று.

பிரயாணம் போகும் பூச்சிக்கு ஒரு காடு மட்டும் இருந்தால் போதாது. வழி நெடுக, ஊர் ஊருக்குக் கொஞ்சம் பச்சை வேண்டும். போய்ச் சேரும் இடத்தைப் பூட்டி வைத்து விட்டு, வழியில் உள்ள சத்திரங்களை எல்லாம் இடித்து விட்டால் பிரயாணி என்ன செய்வான்?

நம் ஊர்ச் சத்திரங்கள்

நம் நாலு பிரயாணிகளுக்குச் சத்திரம் எது?

நீல வரியன் முட்டை இடுவது கொடிப்பாலையிலும் நஞ்சறுப்பானிலும். இரண்டும் வேலியில் ஏறிப் படரும் கொடிகள். நஞ்சறுப்பான் நாட்டு வைத்தியர்களுக்குத் தெரிந்த மூலிகை. கருநீல வரியனுக்கும் கொடிப்பாலை வேண்டும். இரட்டைவரிக் கருப்பனுக்குப் பால்வள்ளிக் கொடி. வெண்புள்ளிக் கருப்பன் மட்டும் கொஞ்சம் தாராள மனசுக்காரன். நன்னாரி, ஆல், அத்தி, அரளி எது கிடைத்தாலும் முட்டை இடும்.

எல்லாம் பால் வடியும் செடிகள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பால் ஆட்டையும் மாட்டையும் விரட்டும். ஆனால் இந்தப் புழு புத்திசாலி. முதலில் இலையின் நரம்பைக் கடித்துப் பாலை வடிய விட்டு விடுகிறது. பிறகு சாவகாசமாக இலையைத் தின்கிறது!

ஆண் பூச்சிக்கு இன்னொரு தேவையும் உண்டு. கிலுகிலுப்பைச் செடியும், தேள்கொடுக்குச் செடியும் வாடிக் காய்ந்திருக்கும் இடத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பெண் பூச்சியைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அந்தச் சாறு தேவை. பறவைகளுக்குக் கசப்பதும் அந்தச் சாற்றினால்தான்.

கொடிப்பாலை, நஞ்சறுப்பான், பால்வள்ளி, நன்னாரி, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு. இவற்றில் எதையாவது யாராவது காசு கொடுத்து வாங்கி நட்டது உண்டா? நன்னாரி வேரைச் சர்பத்துக்காகத் தோண்டுவது உண்டு. மற்றபடி "களை, பிடுங்கிப் போடு" என்பதுதான் வழக்கம்.

ஆனால் இந்த நாலு பூச்சிகளும் விவசாயியின் பயிரில் வாயே வைப்பதில்லை. நெல்லைத் தின்னாது, கடலையைத் தின்னாது, கத்திரியைத் தின்னாது. கேட்பதெல்லாம் வேலியோரத்தில் ஒரு கொடி.

செம்மண் பூமியின் கதை

இப்போது குயிலாப்பாளையத்துக்கு வருவோம்.

புதுச்சேரிக்கு வடக்கே, கடலிலிருந்து சில கிலோ மீட்டர் உள்ளே மேடான செம்மண் பூமி. ஆரோவில்லுக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஊர். சுற்றிலும் பொம்மையார்பாளையம், எடையன்சாவடி, ஆலங்குப்பம், இரும்பை என்று ஊர்கள். முந்திரித் தோப்பும் மானாவாரிப் பயிரும் உள்ள பிரதேசம்.

ஒரு காலத்தில் இங்கெல்லாம் காடு இருந்தது. கோடையிலும் இலை உதிர்க்காத குட்டை மரக் காடு. ஆந்திராவின் விசாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரை கடலோரமாகவே நீண்டு கிடந்த காடு அது. உலக்கைப்பாலை, வீரை, காயா, கருங்காலி, நாவல் என்று மரங்கள். மரம் தோறும் கொடிகள்.

விறகுக்கும் வீட்டுக்கும் வெட்டினார்கள். விவசாயத்துக்குத் திருத்தினார்கள். ஆடு மாடு மேய்ந்தது. காடு துண்டு துண்டாயிற்று. பிறகு துண்டும் போயிற்று.

மரம் போனதும் மண்ணுக்குப் பிடிப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செம்மண் கரைந்து ஓடியது. பூமி பிளந்து பெரிய பெரிய ஓடைகள் விழுந்தன. மழை பெய்தால் கரையோரம் கடலே சிவந்து விடும் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

1968 பிப்ரவரி 28-ம் தேதி இங்கே ஆரோவில் நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். 124 நாடுகளின் பிரதிநிதிகள் ஆளுக்குப் பிடி மண் கொண்டு வந்து போட்டார்கள். அப்போது அது பொட்டல் காடு. நிழலுக்கு ஒதுங்க ஒன்றிரண்டு ஆலும் பனையும்தான்.

வந்தவர்களும் உள்ளூர் மக்களும் முதலில் செய்த வேலை மரம் நடுவது அல்ல. வரப்புப் போட்டது! மேட்டில் விழும் தண்ணீர் ஓடாமல் அங்கேயே நிற்க, மண் வரப்பு எழுப்பினார்கள். ஓடைகளில் சிறு அணைகள் கட்டினார்கள். ஈரம் நின்ற பிறகு கன்று வைத்தார்கள். சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய வேல் மரங்கள் முதலில் நிழல் தந்தன. அந்த நிழலில் நம் நாட்டு மரங்கள் தலை எடுத்தன. நட்ட மரங்கள் லட்சக்கணக்கில் ஆயின.

சாமி காத்த விதை

நாட்டு மரம் நடுவது என்று முடிவு செய்தார்கள், சரி. காடே போன பிறகு விதைக்கு எங்கே போவது?

அங்கேதான் கிராமத்து ஐயனார் வந்தார்!

இந்த வட்டாரத்தில் பல ஊர்களில் கோயில் காடு உண்டு. சாமி காடு; கிளை ஒடிக்கக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. மீறினால் சாமி குற்றம். குயிலாப்பாளையத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காடு, பழைய கடலோரக் காட்டின் மிச்சம். தாவர விஞ்ஞானிகள் அதைத் தேடி வந்து ஆராய்ச்சி செய்தார்கள்.

இத்தகைய கோயில் காடுகளிலிருந்துதான் விதை பொறுக்கி நாற்று விட்டார்கள். குயிலாப்பாளையத்துக்கு அருகே பிச்சாண்டிக்குளத்தில் 1973-ல் தொடங்கிய காடு அப்படி வளர்ந்ததுதான். மரம் வந்தது, மரத்தைப் பற்றிக் கொடி வந்தது, கொடியைத் தேடிப் பூச்சி வந்தது.

வண்ணத்துப்பூச்சிக்குத் தாம்பூலம் வைத்து அழைக்க வேண்டியதில்லை. தின்ன இலையும் குடிக்கத் தேனும் இருந்தால் தானே வரும். போன காடும் திரும்பி வரும் என்பதற்கு இந்தச் செம்மண் பூமி ஒரு சாட்சி.

அதற்காக ஆபத்து நீங்கி விட்டது என்று அர்த்தமில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி "தானே" புயல் அடித்தது. ஒரே நாளில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. 2021 டிசம்பரில் ஆரோவில் நகரத் திட்டச் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. "நகரம் வேண்டும்" என்று ஒரு கட்சி. "காடு வேண்டும்" என்று ஒரு கட்சி. வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2022-ல் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மரம் நட்ட இடத்திலும் மரத்துக்கு வழக்கு உண்டு!

வேலி போய் மதில் வந்தது

பெரிய காடு வெட்டப்பட்டால் பத்திரிகையில் செய்தி வரும். வழக்குப் போட ஆள் இருக்கும். வேலிக் கொடி போனால் கேட்பார் யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிலத்தின் விலை ஏறி விட்டது. கொல்லை மனை ஆகிறது. உயிர்வேலி இருந்த இடத்தில் மதில் சுவர் வருகிறது. இல்லையேல் முள்கம்பி வருகிறது. கம்பியில் கொடிப்பாலை படர்ந்தாலும் "குப்பையாக இருக்கிறது" என்று அறுத்துப் போடுகிறார்கள். களை எடுக்கக் கூலி ஆள் கிடைக்கவில்லை என்று வரப்பில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள்.

விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. வயலில் களை எடுக்காவிட்டால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. மனை வாங்கியவர் சுவர் எழுப்பாவிட்டால் அவருக்கு ராத்தூக்கம் இல்லை. ஆனால் வயல் வேறு, வேலியோரம் வேறு. பயிர் இல்லாத இடத்தில் தெளிக்கும் மருந்தால் ஒரு மூட்டை நெல் கூடக் கூடுதலாக விளையப் போவதில்லை.

ஒரு வேலி போனால் நஷ்டமில்லை. பூச்சி அடுத்த வேலிக்குப் போகும். எல்லா வேலியும் போனால்? மேற்கு மலையிலிருந்து வரும் பெண் பூச்சி, முட்டை இடுவதைத் தள்ளி வைத்து விட்டுப் பறந்து வருகிறதே, அது எங்கே போய் இறங்கும்?

சாலையை மூடிய நாடு

இந்தப் பூச்சிகளுக்காகக் கவலைப்பட்ட நாடு ஒன்று உண்டு. தைவான்.

அங்கே ஊதா நிறக் கருப்பன்கள் இருக்கின்றன. நம் வெண்புள்ளிக் கருப்பனின் இனம்தான். குளிர்காலத்தைத் தெற்கே உள்ள பள்ளத்தாக்குகளில் கழித்து விட்டு, வசந்தத்தில் வடக்கே போகும். வழியில் லின்னெய் என்ற ஊர் அருகே நெடுஞ்சாலை குறுக்கிட்டது. வேகமாகப் போகும் வண்டிகளில் அடிபட்டு ஏராளமான பூச்சிகள் செத்தன.

2007-ல் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? சாலை ஓரத்தில் வலை கட்டியது. வலையைத் தாண்டுவதற்காகப் பூச்சிகள் உயரே பறந்தன. கீழே வண்டிகள் போயின. கூட்டம் மிக அதிகமானால் சாலையில் ஒரு பாதையையே மூடி விட்டார்கள்! மணிக்கு நூறு கிலோ மீட்டர் போகும் வண்டிகள், அரை கிராம் பூச்சிக்கு வழி விட்டன.

நம் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-ல் திறக்கப்பட்டது. 2019-ல் "தமிழ் மறவன்" என்ற பூச்சி தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. எல்லாம் நல்ல காரியங்கள்தான்.

ஆனால் பூங்காவுக்குள் வேலி போட்டு வளர்ப்பது ஒன்று. ஊருக்கு ஊர் பறந்து வரும் விருந்தாளியை உபசரிப்பது இன்னொன்று. அதை அரசாங்கம் மட்டும் செய்ய முடியாது. ஊர் செய்ய வேண்டும். வீடு செய்ய வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியது

காசு செலவில்லாத காரியங்கள் இவை:

வேலியில் நஞ்சறுப்பானோ, கொடிப்பாலையோ, பால்வள்ளியோ படர்ந்திருந்தால் பிடுங்க வேண்டாம். வழியை மறைத்தால் நுனியை மட்டும் கிள்ளி விடலாம்.

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் களைக்கொல்லி தெளிக்காமல் இருக்கலாம். கொல்லை மூலையில் இரண்டு கிலுகிலுப்பைச் செடியை விட்டு வைக்கலாம்.

மதில் கட்டியவர்கள் மனம் தளர வேண்டாம். சுவர் ஓரத்தில் ஒரு நன்னாரிக் கொடி வைத்தால் போதும்.

கோயில் காட்டில் குப்பை கொட்டாமல், பிளாஸ்டிக் போடாமல் பார்த்துக் கொள்ளலாம். திருவிழாவுக்கு இடம் வேண்டும் என்று புதர்களை அழிக்காமல் இருக்கலாம். பாட்டன் சாமிக்குப் பயந்து காத்ததைப் பேரன் அறிவைக் கொண்டு காக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுங்கள். மழைக்காலத்தில் வீட்டு அரளிச் செடியின் இலைக்கு அடியில் பாருங்கள். கறுப்புக் கொம்புகள் நாலு ஜோடி முளைத்த ஒரு புழு இருக்கலாம். அதைத் தொட வேண்டாம். அரளியைக் கிள்ளவும் வேண்டாம். அரளியின் பால் விஷம்.

சில நாள் கழித்து அதே செடியில் கூட்டுப்புழு தொங்கும். கண்ணாடி போல், வெள்ளியும் பொன்னும் உருக்கி வார்த்தது போல் பளபளக்கும்! தட்டானும் செய்ய முடியாத நகை. அதிலிருந்து ஒருநாள் காலையில் வெண்புள்ளிக் கருப்பன் வெளியே வரும். சிறகு உலரும் வரை சற்று நேரம் தொங்கும். பிறகு மெதுவாக எழும்பும்.

அது பக்கத்து வீட்டு முருங்கைப் பூவுக்குப் போகலாம். அல்லது, ஐப்பசிக் காற்றில் கூட்டத்தோடு சேர்ந்து மேற்கு மலை வரை போகலாம். அங்கே போகிற பூச்சியின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அடுத்த கோடையில் கிழக்கே திரும்பி வரும்.

அப்போது நம் வேலியில் அந்தக் கொடி இருக்க வேண்டும்.